பறக்கும் மருத்துவருக்காக மிதிப்பவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் எயர் நெடுஞ்சாலையில் நிதி திரட்டத் தனியே சைக்கிள் ஏறப்போகும் அன்பர்களுக்கு,



மேற்கு ஆஸ்திரேலியாவின் நோர்ஸ்மன் என்ற சுரங்க ஊரில் கிழக்கே திரும்பினால், தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனா வரை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். நடுவே நல்லார்பர் சமவெளி. சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் முழங்கால் உயரப் புதர்கள். ஊர் என்று சொல்ல யூக்லா, பெனாங் என்று ஒன்றிரண்டுதான் தேறும். மற்றவை ரோடுஹவுஸ்கள்: ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சமையலறை, வரிசையாகச் சில அறைகள், கொல்லைப்புறத்தில் உறுமிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர்.

இந்தச் சாலையில் அவ்வப்போது யாராவது ஒருவர் சைக்கிளின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, சட்டையில் ஓர் அறக்கட்டளையின் பெயரோடு இறங்குகிறார். பின்னால் உதவி வண்டி கிடையாது. அவர் நகர்வதை வீட்டிலிருப்பவர்கள் கைப்பேசி வரைபடத்தில் பார்த்துப் பணம் அனுப்புகிறார்கள். இந்த மடல் அந்த ஒருவருக்கு. அவரைப் பார்த்துவிட்டு அடுத்த பருவத்துக்குச் சைக்கிளைத் துடைத்து வைக்கும் மற்றவர்களுக்கும்.

கேட்டுக்கொள்வது இதைத்தான்: உங்கள் பயணம் சலிப்பாக முடியட்டும். எழுத ஒரு சாகசமும் மிஞ்சக் கூடாது. நன்கொடையாளர் பணம் கொடுப்பது சிகிச்சைக்கு. மிதிப்பவர் படும் பாட்டுக்கு அவர் விலை கொடுக்கவில்லை. ஆனால் இத்தகைய பயணங்களில் இரண்டும் எளிதாகக் குழம்பிவிடுகின்றன. உதடு வெடித்த முகத்தைப் படமெடுத்துப் போட்டால் அன்றைக்கு உண்டியல் நிறையும். நிழலில் உட்கார்ந்து பிரெட்டில் ஜாம் தடவும் படத்துக்குக் காசு வராது. இரண்டு வாரம் இப்படிப் போனால், ஆபத்தைக் குறைக்கும் ஏற்பாடு ஒவ்வொன்றும் ஏமாற்று வேலையாகப் பயணிக்கே தோன்ற ஆரம்பிக்கிறது. அங்கேதான் வம்பு.

நல்லார்பரில் மிதிப்பவர்கள் நிதி திரட்டத் தேர்ந்தெடுக்கும் அமைப்புகளில் ராயல் பறக்கும் மருத்துவர் சேவையும் ஒன்று. அது ஏன் என்பதைச் சாலையே சொல்லும். சில நேர்ப் பகுதிகளில் தார்ச்சாலை திடீரென அகலும். வெள்ளைப் பட்டைகள் குறுக்கே தீட்டியிருக்கும். அது விமானம் இறங்குவதற்கான இடம். விபத்து என்று தகவல் வந்தால் இருபுறமும் வண்டிகளை நிறுத்திவிட்டு, நெடுஞ்சாலையிலேயே விமானத்தை இறக்கி ஆளைத் தூக்கிப் போவார்கள்.

அந்தச் சேவையின் பிறப்பில் சைக்கிள் மிதிக்கும் கால்களுக்கும் பங்குண்டு. ஜான் பிளின் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் 1912ல் உள்நாட்டு மக்களுக்கான மிஷன் ஒன்றைத் தொடங்கினார். 1917ல் கிளிஃபர்ட் பீல் என்ற இளைஞர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்து போர் விமானியாகப் போனவர். விமானத்தில் மருத்துவரை அனுப்பினால் என்ன என்பது அவருடைய யோசனை. 1918ல் அவர் போரில் இறந்துபோனார். யோசனை பிளின்னிடம் தங்கிவிட்டது. 1928 மே 17 அன்று குவீன்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து முதல் விமானம் கிளம்பியது. குவாண்டாஸிடம் மைலுக்கு இரண்டு ஷில்லிங் வாடகைக்கு எடுத்தது.

மருத்துவர் கிடைத்தார், விமானம் கிடைத்தது. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, மின்சாரமே பார்க்காத பண்ணை வீட்டிலிருந்து அவரைக் கூப்பிடுவது எப்படி? அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ட்ரேகர் விடை கண்டார். மேசைக்கு அடியில் சைக்கிள் பெடல். மிதித்தால் சின்ன ஜெனரேட்டர் சுழன்று வானொலிக்கு மின்சாரம் தரும். 1929 முதல் பண்ணை வீடுகளுக்கு இந்தப் பெடல் ரேடியோ போய்ச் சேர்ந்தது. கால் மிதிக்க, கை மோர்ஸ் குறிகளைத் தட்ட, பண்ணைப் பெண்கள் மருத்துவரை அழைத்தார்கள். பயணியின் உண்டியலில் யாராவது 20 டாலர் நோட்டைப் போட்டால் அதன் ஒரு பக்கத்தில் இருப்பது பிளின்னின் முகம்தான்.

ஆக, மிதித்து மருத்துவரை வரவழைப்பது அந்த நாட்டில் பழைய வழக்கம். அவருக்காக மிதிக்கக் கிளம்பி, வழியில் அவருக்கே நோயாளியாவது மட்டும் வேண்டாம். தண்ணீர்க் கணக்கு தப்பி ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்க வரும் விமானம் அந்த நேரத்தில் வேறோர் இடத்துக்குப் போக முடியாது. அரசு நிதியோடு பொதுமக்கள் நன்கொடையிலும் ஓடும் சேவை அது. திரட்டியதையும் செலவு வைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

இதைச் சொல்வதால் உதவி கேட்கத் தயங்க வேண்டும் என்று பொருளில்லை. செயற்கைக்கோள் வழியே அபாயச் செய்தி அனுப்பும் பீக்கன் கருவியை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். பதிவு செய்த கருவி கத்தினால், யாருடையது, வீட்டில் யாரைக் கேட்பது என்பதெல்லாம் உடனே தெரிந்துவிடும். உயிருக்கு ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தத்தான் வேண்டும். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வது நோர்ஸ்மனிலேயே தொடங்கும் வேலை.

இனி, 'தனியாக' என்று சட்டையில் அச்சடிப்பதைப் பற்றி.

அந்தச் சாலைக்கு எட்வர்ட் ஜான் எயர் என்ற நாடுகாண் பயணியின் பெயர். 1841ல் மேற்கே போன அவருடைய குழுவில் ஜான் பாக்ஸ்டர் என்பவர் ஏப்ரல் மாதம் கொல்லப்பட்டார். எயரோடு எஞ்சியவர் வைலி என்ற பழங்குடி இளைஞர். இருவரும் குற்றுயிராகக் கடற்கரையோரம் நடந்தபோது மிசிசிப்பி என்ற பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் கண்ணில் பட்டது. அந்தக் கப்பல்காரர்கள் சோறு போட்டு உடையும் கொடுத்தார்கள். ஜூலையில் ஆல்பனி போய்ச் சேர்ந்தார்கள். எயரின் வீரம் பெரிதுதான். ஆனால் வைலியையும் கப்பலையும் கழித்துவிட்டால் நெடுஞ்சாலைக்கு வேறு பெயர் தேட வேண்டியிருந்திருக்கும்.

இந்த வெளியை முதலில் சைக்கிளில் கடந்தவர் ஆர்தர் ரிச்சர்ட்சன். 1896 நவம்பர் 24 அன்று கூல்கார்டி தங்கவயலிலிருந்து கிளம்பி, கொடுங்கோடையில் 31 நாளில் அடிலெய்டை அடைந்தார். 24 வயது. சிறு மூட்டையும் தண்ணீர்ப் பையும்தான் சுமை. அவர் போனது 1877ல் போட்டு முடித்திருந்த தந்திக் கம்பியின் தடத்தில். அக்காலத்துத் தங்கவயல்களில் சைக்கிளில் தபால் கொண்டுபோவதே ஒரு தொழிலாக இருந்தது. அந்தச் சைக்கிள்காரர்கள் விரும்பித் தேடியது ஒட்டகங்கள் நடந்து நடந்து கெட்டிப்படுத்திய ஒற்றையடிப் பாதைகளை. அந்த ஒட்டகங்களை ஓட்டியவர்களில் ஆப்கானியர்கள், பலூச்சிகள், சிந்திகள், பஞ்சாபிகள் இருந்தார்கள். 1899 ஜூனில் ரிச்சர்ட்சன் மறுபடி கிளம்பி, ஆஸ்திரேலியாவையே சைக்கிளில் சுற்றிவிட்டு 1900 பிப்ரவரியில் பெர்த் திரும்பினார். 18,500 கிலோமீட்டர். இன்றைய சாதனையாளர்கள் யாரும் பொறாமைப்படத் தகுந்த வழித்தடம்.

இன்று தந்திக் கம்பியின் இடத்தில் ரோடுஹவுஸ் இருக்கிறது. நோர்ஸ்மனிலிருந்து பல்லடோனியா ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அங்கிருந்து கைகூனாவுக்கு 180க்குச் சற்று மேல், அதில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்க்கோடு. பிறகு காக்கிள்பிடி, மதுரா, முந்திரபில்லா, யூக்லா என்று இடைவெளி கொஞ்சம் குறையும். மதுரா என்றதும் தமிழருக்கு ஊர் நினைவு வந்தால் அது அவர்கள் பாடு. 1870களில் அங்கே வளர்த்தது பிரிட்டிஷ் இந்தியப் படைக்கான குதிரைகளை. எல்லையிலுள்ள பார்டர் வில்லேஜைத் தாண்டினால் நல்லார்பர் ரோடுஹவுஸ் வரை மறுபடி 185 கிலோமீட்டர் அளவுக்கு ஒன்றுமில்லை.

சுமை ஏற்றிய சைக்கிளில் நாளுக்கு 90, 100 கிலோமீட்டர் நல்ல ஓட்டம். அப்படியானால் பெரிய இடைவெளி ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள். வெயில் நாளில் ஆளுக்கு எட்டுப் பத்து லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு நாளைக்குப் பதினாறிலிருந்து இருபது லிட்டர். அதாவது அத்தனை கிலோ. காலையில் கிளம்பும்போது சைக்கிள் ஆடும், ஸ்போக் முனகும், பின் டயர் அமுங்கும். இந்த எடைக்குப் பயந்து குறைத்துப் பிடித்துக்கொண்டு, 'வண்டிக்காரர் யாராவது கொடுப்பார்' என்று கிளம்புகிறவர்கள் உண்டு. கொடுப்பார்கள்தான், வீட்டை இழுத்துக்கொண்டு போகும் கேரவன் முதியவர்கள் தாராள மனசுக்காரர்கள். ஆனால் தாங்கள் தனியாக மிதிப்பதாக எழுதிவிட்டு, அடுத்தவர் டேங்கைத் தங்கள் திட்டத்தில் எழுதி வைப்பது சரியல்ல. ரோடுஹவுஸ்களிலும் தண்ணீர் குழாயைத் திறந்தால் கொட்டும் பொருளல்ல. உப்பு நீக்கியோ, மழை நீரைத் தேக்கியோ, லாரியில் கொண்டுவந்தோ புழங்குகிறார்கள். டீசல் எரித்து விளக்குப் போடுகிறார்கள். சாப்பாட்டு விலையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கோடையை விட்டுவிடுங்கள். 2019 டிசம்பர் 19 அன்று நல்லார்பரில் 49.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. நிழலில் வைத்த கருவியின் கணக்கு அது. தாருக்கு மேலே நிலைமை வேறு.

அடுத்தது காற்று. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரை எதிரே அதே 20 கிலோமீட்டர் வேகக் காற்று அறைந்தால், அவர் உடல் கிழிக்க வேண்டிய காற்று 40 கிலோமீட்டர் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், அமைதியான நாளைவிட அது நான்கு மடங்கு. இரண்டு நாள் இடைவெளி மூன்று நாளாவது இப்படித்தான். தண்ணீரோ இரண்டு நாளைக்கு. குளிர்காலத்தில் மேற்குக் காற்று கிழக்கே போகிறவருக்குத் துணை என்று எல்லாரும் சொல்வார்கள், பெரும்பாலும் உண்மைதான். காற்று அதற்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை. நன்கொடைப் பக்கத்தில் முடிக்கும் தேதியை அறிவித்துவிட்டவருக்கு இது பெரிய தொல்லை. தேதிக்காக எதிர்காற்றில் மிதித்து, இருட்டிலும் மிதித்து, தூக்கக் கலக்கத்தோடு மறுநாள் விடியுமுன் ஏறுவார். தேதியை அறிவிக்காமல் வாரத்தை அறிவித்தால் பணம் குறைந்துவிடப் போவதில்லை.

விடியுமுன் என்பதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். இருட்டில் சைக்கிள் கண்ணில் படாது. விடிந்ததும், கிழக்கே போகிறவருக்குப் பின்னால் வரும் லாரி ஓட்டுநரின் கண்ணில் காலைச் சூரியன் நேராக விழுகிறது. சைக்கிள் இருக்கும் திசையும் சூரியன் இருக்கும் திசையும் ஒன்று. 2017 மார்ச் 31 அன்று, பெர்த் பக்கமிருந்து சிட்னி வரையிலான இந்தியன் பசிபிக் வீல் ரேஸில் நல்லார்பரையெல்லாம் கடந்துவந்த மைக் ஹால், கான்பெராவுக்கு அருகே விடியுமுன் கார் மோதி இறந்தார். 35 வயது. உலகைச் சுற்றி மிதித்த தேர்ந்த ஓட்டக்காரர். பந்தயம் அத்துடன் நிறுத்தப்பட்டது. காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்புவது அவமானமில்லை. கங்காருக்கள் சாலைக்கு வரும் அந்தி நேரத்துக்கு முன்பே கூடாரம் அடிப்பதும் அப்படியே.

ரோடு ட்ரெயின்கள் இந்தச் சாலையில் 36.5 மீட்டர் நீளம் வரை வரும், சுமையோடு 70 டன்னைத் தாண்டும். கடக்கும்போது முதலில் தள்ளும், வால் பகுதி வந்ததும் உள்ளே இழுக்கும். 60 கிலோமீட்டருக்கு மேல் வேகமென்றால் சைக்கிளிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் கடக்க வேண்டும் என்று இரு மாநிலச் சட்டமும் சொல்கிறது. எதிரிலும் ஒரு லாரி வந்தால் அந்த ஒன்றரை மீட்டருக்கு ஓட்டுநர் எங்கே போவார்? அவ்வளவு பெரிய வண்டி சட்டென்று நிற்காது. கைப்பிடியில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் வண்டி தெரிந்தால் சரளையில் இறங்கி நிற்பதே இங்கு புழங்கும் மரியாதை. லாரிக்காரர்கள் வானொலியில் 40ஆம் சேனலில் பேசிக்கொள்வார்கள். 'பல்லடோனியாவுக்கு இந்தப்பக்கம் ஒரு சைக்கிள்காரர், மஞ்சள் சட்டை' என்ற செய்தி பயணியை முந்திக்கொண்டு அடுத்த ரோடுஹவுஸுக்குப் போய்விடும். சின்னக் கை வானொலி ஒன்று வைத்திருந்தால் அவரும் ஒரு வார்த்தை சொல்லலாம். சாலையின் காவல் ஏற்பாடு அதுதான். அதில் சேர்ந்துகொள்வதால் 'தனி'க்குப் பங்கம் வராது.

சில்லறை விஷயங்கள் இரண்டு. கைகூனாவைத் தாண்டியதும் கடிகாரம் 45 நிமிடம் முன்னே போகும். எல்லை வரைக்கும் உள்ள சில ரோடுஹவுஸ்களுக்கென்று தனி நேரம். சமையலறை மூடிய பிறகு போய் நின்றால் உருளைக்கிழங்கு சிப்ஸ்தான் இரவு உணவு. கிழக்கே போகிறவர்களின் பழம், காய்கறி எல்லாம் செடூனா சோதனைச் சாவடியோடு சரி. பழ ஈக்குப் பயந்த சட்டம். ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் அங்கேயே நின்று தின்று தீர்க்கும் சைக்கிள்காரர்களை அந்த அதிகாரிகள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

நன்கொடைப் பக்கங்களில் வழக்கமாக வரும் இன்னொரு சொற்றொடரை நீக்கிவிடலாம்: 'ஆளே இல்லாத வெறும் வெளி'. கடற்கரையோரம் மிர்னிங் மக்களின் பூமி. கூனல்டா குகையில் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தீக்கல் வெட்டினார்கள், சுவரில் விரலால் கோடிட்டார்கள். வடக்கே மரலிங்காவில் 1956 முதல் 1963 வரை பிரிட்டன் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. ஊல்டியாவிலிருந்த பழங்குடி மக்களை அதற்கு முன்பே, 1952ல், தெற்கே யலாட்டாவுக்குப் பெயர்த்திருந்தார்கள். நெடுஞ்சாலை அந்த யலாட்டா நிலத்தின் வழியேதான் போகிறது. வெறும் வெளி என்று ஒருவர் முடிவு செய்ததன் விலையைக் கொடுத்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். கூடாரத்துக்கு இடம் கேட்டு அனுமதி வாங்குங்கள், குப்பையைக் கூடவே எடுத்துப் போங்கள்.

பணத்துக்கு வருவோம். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் சைக்கிள்காரர் அல்லர். புற்றுநோயால் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு ஓடியவர். 1980 ஏப்ரலில் செயின்ட் ஜான்ஸில் தொடங்கி, 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின் நோய் நுரையீரலுக்குப் பரவி நிறுத்தியது. கனடியர் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் என்பது அவர் இலக்கு. 1981 பிப்ரவரியில் 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டி அது நிறைவேறியது. தொடக்கத்தில் கவனிப்பாரில்லை. நியூஃபவுண்ட்லாந்தின் கோடியிலுள்ள போர்ட் ஆ பாஸ்க் என்ற துறைமுக ஊர், ஏறக்குறைய 10,000 பேர், 10,000 டாலருக்கு மேல் எடுத்துக் கொடுத்தபோதுதான் அவருக்குத் தெம்பு வந்தது. தன் ஓட்டத்தை வைத்து யாரும் லாபம் பார்க்கக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். அவரோடு வேனில் வந்த நண்பர் டக் ஆல்வர்டை மறந்துவிட்டுப் பலர் அவரைத் தனியாளாக நினைவுகொள்கிறார்கள் என்பது வேறு கதை.

ஆலஸ்டர் ஹம்ஃப்ரீஸ் என்ற ஆங்கிலேயர் 2001 முதல் 2005 வரை 60 நாடுகளில் சுமார் 74,000 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தார். ஆதரவற்ற குழந்தைகளுக்கான ஓர் அமைப்புக்கு நிதி திரட்டும் நோக்கமும் அதில் இருந்தது. நான்கு ஆண்டுக்கும் மேலான அந்தப் பயணத்தின் மொத்தச் செலவு சுமார் 7,000 பவுண்டு. அதைத் தன் சேமிப்பிலிருந்தே கழித்தார். உங்களுக்கும் கணக்கு இப்படித்தான் பிரிய வேண்டும்: டயரும் டிக்கெட்டும் ரோடுஹவுஸ் பர்கரும் சொந்தக் காசு, நன்கொடை நேரே அமைப்பின் கணக்குக்கு. நடுவில் உங்கள் வங்கிக் கணக்கு வரவே கூடாது. கிளம்புமுன் அமைப்பிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பதிவு பெற்ற அமைப்பின் ரசீது இருந்தால் 2 டாலர் கொடுத்தவரும் வரிவிலக்குக் கேட்கலாம். பயணச் செலவுக்கும் உதவி வேண்டுமென்றால் அதைத் தனியாக, வெளிப்படையாகக் கேளுங்கள், கொடுக்க ஆளிருக்கும். இரண்டையும் ஒரே உண்டியலில் போட்டுக் குலுக்கியவர்கள் மேல் விழும் சந்தேகம் அடுத்து வரும் பயணியின் மேலும் விழுகிறது.

போய்ச் சேர்ந்ததும் இரண்டு வேலை மிச்சமிருக்கும். ஒன்று, எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் அமைப்புக்குப் போனது என்ற சீட்டை, கல்லாப்பக்கம் உங்கள் உண்டியலை வைத்துக்கொண்ட ஒவ்வொரு ரோடுஹவுஸுக்கும் அனுப்புவது. மற்றது அதற்கும் முந்தியது: 'நாளை மறுநாள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவேன்' என்று யார் யாரிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தீர்களோ அவர்களுக்கு அன்றைக்கே போன் செய்து வந்து சேர்ந்ததைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் லாரிக்காரர்களிடம் விசாரிப்பார்கள், பிறகு போலீசுக்குச் சொல்வார்கள். நீங்கள் ஏதோ ஒரு மோட்டல் அறையில் குளித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேட ஆள் கிளம்பியிருக்கும்.